கிறிஸ்துமஸ் டிப்ஸ்: போஸ்ட்மேன், குப்பை வண்டிக்காரர், டெலிவரி டிரைவர்… யாருக்கு என்ன, எவ்வளவு, எப்படி?

டிசம்பர் பொறந்தாலே எங்க ஏரியா வாட்ஸாப் குரூப்ல, வருஷக் கடைசியில யார் யாருக்கு டிப் (அன்பளிப்பு) குடுக்கறதுங்கற இந்தக் கேள்விங்க வரிசையா வர ஆரம்பிச்சிடும். புதுசா அமெரிக்கா வந்தவங்க, அபார்ட்மென்ட்லேர்ந்து தனி வீட்டுக்கு மாறினவங்க, முதல் தடவையா நேனி (வீட்ல குழந்தையைப் பாத்துக்கறவங்க) வெச்சிருக்கவங்கன்னு எல்லாரும் கேக்கறதுதான். ஒவ்வொருத்தருக்கா டைப் பண்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சா உதவும்னு எழுதறேன். முழுக்க அமெரிக்க வழக்கத்தைப் பத்தினது, நான் இருக்கறது நியூஜெர்சி, அதனால உதாரணங்க இந்தப் பக்கத்துலேர்ந்து கொஞ்சம் அதிகமாவே வரும்.

இது கண்டிப்பா குடுத்தே ஆகணுமா?

இல்ல. ரெஸ்டாரன்ட்ல சர்வருக்குக் குடுக்கற டிப் வேற, இது வேற. சர்வர்களுக்கு ஃபெடரல் சட்டப்படி முதலாளி மணிக்கு 2.13 டாலர் குடுத்தா போதும், மீதி டிப்ஸ்லதான் வரணும்னு 1991லேர்ந்து அப்படியே இருக்கு (சில மாநிலத்துல அதிகம்). அதனால அங்க டிப் குடுக்காம எழுந்து வந்தா அவங்க சம்பளத்துலயே கை வெச்ச மாதிரி. இந்த வருஷக் கடைசி டிப் அப்படி இல்ல, வருஷம் பூரா நம்ம வீட்டுக்காக உழைச்சவங்களுக்குச் சொல்ற நன்றி, அவ்ளோதான்.

நம்மூர்ல தீபாவளி வந்தா போஸ்ட்மேன், கார்ப்பரேஷன் தூய்மைப் பணியாளர், ஈபி லைன்மேன், தெரு கூர்கா எல்லாம் வாசல்ல வந்து "சார், தீபாவளி"ன்னு நிப்பாங்க, வீட்லயும் அதுக்குன்னு சில்லறை மாத்தி வெச்சிருப்பாங்க. இங்க யாரும் வந்து கேக்க மாட்டாங்க. அதனாலயே இப்படி ஒரு வழக்கம் இருக்கறதே தெரியாம நம்மாளுங்க பல பேர் அஞ்சாறு வருஷம் ஓட்டிடறாங்க.

கையில காசு டைட்டா இருந்தா எல்லாருக்கும் குடுக்கணும்னு இழுத்துக்காதீங்க. என் கணக்குல முதல்ல குழந்தையையும் பெரியவங்களையும் பாத்துக்கறவங்க, அடுத்தது வீட்டுக்கு வாராவாரம் வந்து உடம்பால உழைக்கறவங்க, அப்புறம்தான் மத்தவங்க. மீதிப் பேருக்கு கையால எழுதின ஒரு கார்டு போதும், அதையும் பத்திரமா வெச்சிக்கறவங்க இருக்காங்க.

நாங்க கிறிஸ்துமஸ் கொண்டாடறதில்லையே, நாங்க குடுக்கணுமா?

தாராளமா குடுக்கலாம். இங்க இதை ஹாலிடே டிப்புன்னுதான் சொல்றாங்க, மதத்துக்கும் இதுக்கும் பெரிசா சம்பந்தம் இல்ல. வாங்கறவர் எந்த மதம்னும் நமக்குத் தெரியாது, அதனால கார்டுல "ஹேப்பி ஹாலிடேஸ்"னு எழுதினா யாருக்கும் சங்கடம் இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் தீபாவளிக்கே குடுத்துடறாங்க, "எங்க வீட்ல இன்னிக்கு பண்டிகை, அதுல உங்களுக்கும் பங்கு"ன்னு ரெண்டு வரி எழுதி. அதுவும் அழகாத்தான் இருக்கு.

போஸ்ட்மேனுக்கு பணம் கவர்ல போட்டுக் குடுக்கலாமா?

கூடாது. நம்மாளுங்க நல்ல எண்ணத்துல அதிகமா தப்பு பண்றது இந்த இடத்துலதான், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். மெயில் கேரியர், அதாவது இங்கத்த போஸ்ட்மேன், யுஎஸ்பிஎஸ்ங்கற அமெரிக்கத் தபால் துறை ஊழியர், அதாவது ஃபெடரல் ஊழியர். ஃபெடரல் அரசு ஊழியர்கள் பரிசு வாங்கறதுக்கு இருக்கற விதிமுறை இவங்களுக்கும் பொருந்தும், கிறிஸ்துமஸ்னாலும் விதிவிலக்கு கிடையாது. ரொக்கம் ஒரு டாலர்கூட வாங்கக்கூடாது. செக் கூடாது. எங்க வேணா பணம் மாதிரி செலவு பண்ணக்கூடிய விசா, மாஸ்டர்கார்டு கிஃப்ட் கார்டும் கூடாது, ஏன்னா அதையும் ரொக்கக் கணக்குலதான் வெப்பாங்க.

குடுக்கக்கூடியது: ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்புக்குள்ள ஒரு பொருள், அதுவும் ஒரே வீட்லேர்ந்து ஒரு காலண்டர் வருஷத்துக்கு மொத்தம் 50 டாலருக்கு மேல போகக்கூடாது. குறிப்பிட்ட ஒரு கடைக்கு மட்டும் செல்லுபடியாகற கிஃப்ட் கார்டு, உதாரணமா ஸ்டார்பக்ஸ், டங்கின் மாதிரி, 20 டாலருக்குள்ள இருந்தா சரி. 25 டாலர் கார்டைக் குடுத்துட்டு "மேல இருக்கற அஞ்சு டாலரை நீங்க போட்டுக்கோங்க"ன்னும் சொல்ல முடியாது, விதிமுறையில அதுக்கும் இடம் இல்ல.

"எங்க பக்கத்து வீட்ல வருஷா வருஷம் 50 டாலர் குடுக்கறாங்க, அவரும் வாங்கிக்கறாரே"ன்னு கேப்பீங்க. இருக்கலாம். ஆனா யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணினா மாட்டறது அவர்தான், நாம இல்ல. இருபது வருஷம் மழை பனி பாக்காம நடந்து சம்பாதிச்ச பென்ஷன் வேலைக்கு நம்ம நன்றியால ஒரு கேள்வி வரக்கூடாது. குடுக்கற நமக்கு அது ஒரு நிமிஷ சந்தோஷம், அவருக்கு அது வேலை. இதை மட்டும் மனசுல வெச்சிக்கிட்டா இந்தப் பக்கத்துல வர்ற முக்கால்வாசி கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடலாம்.

சரி, 20 டாலருக்குள்ள உருப்படியா என்ன வாங்கறது?

அவங்க வேலையை ஒரு நாள் கவனிச்சுப் பாருங்க, தானா தெரியும். இன்னும் பல ரூட்ல ஓடற அந்த வெள்ளைப் பெட்டி வண்டி 1987லேர்ந்து 1994 வரைக்கும் செஞ்சது, ஸ்டியரிங் வலது பக்கம், ஏசி கிடையாது, மெயில்பாக்ஸ்ல போடறதுக்காக ஜன்னலைத் திறந்தே வெச்சு ஓட்டணும். ஜனவரி மாசக் காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். லெட்டரைப் பிரிக்கணும்னா தடிமனான கிளவுஸ் போட முடியாது, அதனால பல பேர் விரல் நுனி மட்டும் வெட்டின கிளவுஸ் போட்டிருப்பாங்க. ஆக ஹேண்ட் வார்மர் ஒரு பாக்கெட், நல்ல கம்பளி சாக்ஸ், சூடு தாங்கற மக், விரல் வெடிப்புக்குப் போடற கிரீம், இதெல்லாம் 20 டாலருக்குள்ள வரும், அன்னிக்கே உபயோகப்படும். என்ன வாங்கறதுன்னு புரியலைன்னா காபி கடை கார்டு, அவங்க ரூட்லயே இருக்கற கடையா பாத்து வாங்குங்க.

வீட்ல செஞ்ச ஸ்வீட், முறுக்கு குடுக்கலாமா?

விதிமுறைப்படி சின்னச் சின்ன தின்பண்டத்துல பிரச்சினை இல்ல. நடைமுறையில யோசிக்கணும். இங்க பல பேர் முன்னப்பின்ன தெரியாத வீட்ல செஞ்ச பண்டத்தை சாப்பிட மாட்டாங்க, அதை நம்ம கைப்பக்குவத்துக்கு அவமானமா எடுத்துக்கக்கூடாது, ஒரு நாளைக்கு சில நூறு வீட்டுக்குப் போறவங்க அப்படித்தான் இருக்க முடியும். அதோட நட்ஸ் அலர்ஜி. நம்ம ஸ்வீட்ல முந்திரி, பாதாம் இல்லாதது ரொம்பக் கம்மி. முகம் பாத்துப் பேசிப் பழகினவர்னா "இதுல முந்திரியும் நெய்யும் இருக்கு"ன்னு சொல்லிக் குடுங்க. இல்லைன்னா சீல் பண்ணின, என்னென்ன போட்டிருக்குன்னு லேபிள் ஒட்டின பாக்கெட் குடுக்கறது நல்லது.

போஸ்ட் ஆபீஸ் மொத்தத்துக்கும் ஒரு பெரிய டப்பா குக்கீஸ் கொண்டு போய்க் குடுக்கறதும் நல்ல வழி, கவுன்ட்டர்ல, உள்ள சார்ட்டிங்ல இருக்கறவங்கன்னு யாரும் நன்றி சொல்லாத ஆளுங்களுக்கும் அது போய்ச் சேரும்.

மெயில்பாக்ஸ்லயே வெச்சிடலாமா?

உங்க கேரியருக்கு உங்க பாக்ஸ்ல கார்டு வைக்கறது இங்க எல்லாரும் பண்றதுதான். கவர் மேல பெருசா "டு அவர் மெயில் கேரியர்"னு எழுதி, பாக்ஸ்ல சிவப்புக் கொடியைத் தூக்கி விட்டுடுங்க, இல்லைன்னா நீங்க எடுக்காம விட்ட பழைய லெட்டர்னு நினைச்சு கவனிக்காம விட்டுடலாம். கிஃப்ட் கார்டு உள்ள இருக்குன்னா ராத்திரியே வைக்காதீங்க, டிசம்பர்ல மெயில்பாக்ஸ் திருட்டு ரொம்ப நடக்கும். அவர் வர்ற நேரம் தெரியும்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வெச்சா போதும்.

இதோட சேத்து இன்னொண்ணையும் சொல்லிடறேன், பல பேருக்குத் தெரியாது: *மத்தவங்க* மெயில்பாக்ஸ்ல ஸ்டாம்ப் இல்லாம எதையும் போடக்கூடாது, ஃபெடரல் சட்டத்துல அபராதமே இருக்கு. கொலு அழைப்பிதழ், தீபாவளி ஸ்வீட் பாக்கெட், டான்ஸ் கிளாஸ் நோட்டீஸ் எல்லாத்தையும் தெருவுல இருக்கற ஒவ்வொரு பாக்ஸ்லயும் போட்டுட்டு வர்றாங்க நம்மாளுங்க. கதவுல தொங்க விடுங்க, இல்ல பெல் அடிச்சுக் கையில குடுங்க.

குடுக்கலாம்னு நின்னா அன்னிக்கு வேற யாரோ வர்றாங்க!

மெயில் வாரத்துக்கு ஆறு நாள், கேரியருக்கு வேலை பொதுவா அஞ்சு நாள். லீவு நாள்ல அந்த ரூட்டுக்குன்னே இருக்கற மாத்து ஆள் வருவாங்க, சில ஊர்ல அந்த லீவு நாள் வாராவாரம் மாறும். ஞாயித்துக்கிழமை அமேசான் பாக்கெட்டோட வர்றவர் பெரும்பாலும் நிரந்தரமாகாத ஜூனியர். ரெகுலர் ஆளோட பேர் கவர்ல இருந்தா மாத்து ஆள் கொண்டு போய் அவர் கேஸ்ல (போஸ்ட் ஆபீஸ்ல லெட்டர் பிரிச்சு வைக்கற அவரோட அடுக்கு) வெச்சிடுவாங்க. ஒரே மாத்து ஆள் வருஷம் பூரா வந்தா அவங்களுக்கும் தனியா ஒரு சின்னது குடுங்க, மனசாரச் சொல்றேன், அவங்களை யாருமே கண்டுக்கறதில்ல.

குப்பை அள்ற வண்டிக்காரங்களுக்கு குடுக்கறது வழக்கமா?

வழக்கம்தான், ஆனா பண்றவங்க குறைஞ்சிட்டே வர்றாங்க, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். அமெரிக்காவுல வேலை செய்யும்போது சாவு அதிகமா நடக்கற தொழில்கள்னு தொழிலாளர் புள்ளிவிவரத் துறை வருஷா வருஷம் ஒரு கணக்கு போடுது, அதுல குப்பை சேகரிப்பு எப்பவும் முதல் பத்துக்குள்ள நிக்கும், போலீஸ் வேலையெல்லாம் அதுக்குக் கீழதான். வண்டிக்குப் பின்னாடி இறங்கி ஏறறப்ப பின்னால வர்ற கார் அடிக்கறதுதான் பெரிய ஆபத்து. காலையில ஆபீசுக்கு லேட்டாச்சுன்னு குப்பை வண்டியை சர்ருன்னு ஓவர்டேக் பண்றோமே, அந்த நேரம்தான்.

இவங்க உழைப்புக்கும் இந்த நாட்டோட சரித்திரத்துக்கும் நெருங்கின தொடர்பு இருக்கு. 1968 பிப்ரவரி 1, டென்னசி மாநிலம் மெம்பிஸ்ல மழைக்கு ஒதுங்கி வண்டிக்குள்ள நின்ன எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர்னு ரெண்டு கறுப்பினத் தொழிலாளிங்க, குப்பையை நசுக்கற இயந்திரம் திடீர்னு ஓடி செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க, "நான் ஒரு மனுஷன்"னு அட்டை பிடிச்சு ஊர்வலம் போனாங்க. அவங்களுக்கு ஆதரவா மெம்பிஸ் வந்திருந்தப்பதான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 சுட்டுக் கொல்லப்பட்டாரு. வாரத்துக்கு ஒரு தடவை நம்ம வாசல்ல நிக்கற அந்த வண்டியைப் பாக்கறப்ப எனக்கு இது ஞாபகம் வராம இருந்ததே இல்ல.

எவ்வளவுன்னா, ஒரு ஆளுக்கு 10லேர்ந்து 30 டாலர்னு பொதுவா சொல்றாங்க. வண்டியில எத்தனை பேர்னு பாத்துட்டு தனித்தனிக் கவரா போடுங்க, ஒரே கவர்ல போட்டா பங்கு பிரிக்கறதுல அவங்களுக்குள்ள சங்கடம். ரீசைக்கிள் வண்டிக்கும் குப்பை வண்டிக்கும் வேற வேற ஆளுங்க, அதையும் பாத்துக்கோங்க.

எல்லா ஊர்லயும் குப்பைக்காரங்களுக்கு பணம் குடுக்கலாமா?

அவங்களுக்குச் சம்பளம் குடுக்கறது யாருன்னு முதல்ல பாருங்க. உங்க டவுன்ஷிப் ஊழியரா இருந்தா அந்த ஊர் விதிமுறை, டபிள்யூஎம், ரிபப்ளிக் மாதிரி தனியார் கம்பெனின்னா அந்தக் கம்பெனி விதிமுறை. நியூயார்க் சிட்டியில கண்டிப்பா கூடாது, அங்க சானிடேஷன் ஊழியர் நகர அரசு ஊழியர், தன் வேலைக்காக டிப் வாங்கறது நகரச் சட்டப்படி தப்பு. பல டவுன்ஷிப் வெப்சைட்ல டிசம்பர்ல இதுக்குன்னே ஒரு வரி போட்டிருப்பாங்க, இல்லைன்னா பப்ளிக் வொர்க்ஸ் ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டா ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. தெரியாத பட்சத்துல பணத்தைத் தவிர்த்துட்டு சீல் பண்ணின தின்பண்டம், கூல் டிரிங்க், கார்டுன்னு குடுங்க.

எப்படிக் கையில குடுக்கறது? வண்டி காலையில ஆறரைக்கே வந்துடுதே!

குப்பைத்தொட்டி மூடியில கவரை ஒட்டி வெக்காதீங்க, தயவுசெஞ்சு. இருட்டுல கண்ணுக்குத் தெரியாம குப்பையோட குப்பையா போயிடும், இல்ல நடந்து போற வேற யாராவது எடுத்துடுவாங்க, மழை பெஞ்சா பேப்பர் கூழாயிடும். நேர்ல குடுக்கறது ஒண்ணுதான் நிச்சயம்.

எங்க தெருவுல ஒரு வயசான அம்மா பண்றதைச் சொல்றேன். முந்தின நாள் ராத்திரியே கவரைக் கோட் பாக்கெட்ல போட்டு வெச்சிடுவாங்க, வண்டி தெருமுனையில திரும்பி பிரேக் கீச்சுன்னு சத்தம் கேட்டதும் கோட்டை மாட்டிட்டு வாசல் லைட்டைப் போட்டு டிரைவ்வே ஓரமா நின்னுடுவாங்க. பின்னாடி தொங்கிட்டு வர்றவர் இறங்கினதும் கையை நீட்டி கவர், ஒரு வார்த்தை, முடிஞ்சுது, பத்து செகண்டுகூட ஆகாது. அவர் அழுக்கு கிளவுஸைக் கழட்டிட்டு வெறுங்கையாலதான் வாங்கினாரு. நானும் இப்ப அப்படித்தான் நிக்கறேன்.

இப்ப நிறைய ஊர்ல வண்டியில ஒரே டிரைவர், இயந்திரக் கை தொட்டியைத் தூக்கிக் கொட்டிட்டுப் போயிடுது, அவர் இறங்கறதே இல்ல. அங்க வண்டிக்கு முன்னாடி தூரத்துலயே கையை ஆட்டிட்டு நின்னா நிறுத்துவாரு, அவர் நிறுத்தினப்புறம் ஜன்னல் பக்கமா போங்க. ஓடற வண்டிகிட்டப் போகாதீங்க, குழந்தைங்களைத் தனியா அனுப்பவே அனுப்பாதீங்க.

பணம் இல்லாம அவங்களுக்கு வேற என்ன பண்ணலாம்?

இதை யாரும் கேக்கறதில்ல, நானே சேத்துக்கறேன், ஏன்னா வருஷம் பூரா பண்ணக்கூடியது இதுதான். உடைஞ்ச கண்ணாடியை நியூஸ்பேப்பர்ல நல்லா சுத்தி டேப் போட்டு மேல எழுதிப் போடுங்க. போன், லேப்டாப், பொம்மைங்கள்ல இருக்கற லித்தியம் பேட்டரியைத் தொட்டியில போடவே போடாதீங்க, வண்டிக்குள்ள நசுங்கி தீப்பிடிக்குது, எரியற குப்பையை நடுரோட்ல கொட்ட வேண்டி வருது. இன்சுலின் ஊசி போடறவங்க வீட்ல கெட்டியான டப்பாவுல போட்டு மூடுங்க, பையில போட்டா அவங்க கையில குத்தும். அட்டைப்பெட்டியைத் தட்டையா மடிச்சு வைங்க. பனி பெஞ்சா தொட்டி இருக்கற இடத்தைச் சுத்தி வழி பண்ணி விடுங்க.

போஸ்ட்மேனுக்கும் இதேதான்: படியில ஐஸுக்கு உப்பு போடுங்க, வாசல் லைட்டை எரிய விடுங்க, நாயை உள்ள கட்டுங்க. வருஷத்துக்கு 5,000 மெயில் கேரியருக்கு மேல நாய்க்கடி படறாங்க, "எங்க நாய் கடிக்கவே கடிக்காது"ன்னு நம்பற வீட்லயும் இது நடக்கும்.

அமேசான், யூபிஎஸ், ஃபெடெக்ஸ் டிரைவர்களுக்கு?

யூபிஎஸ், ஃபெடெக்ஸ் டிரைவர்கள் அரசு ஊழியர் இல்ல, அதனால போஸ்ட்மேனுக்கு இருக்கற 20 டாலர் சட்டம் இவங்களுக்குக் கிடையாது, கம்பெனி விதிமுறை மட்டும்தான். ஃபெடெக்ஸ்ல ரொக்கமும் கிஃப்ட் கார்டும் வாங்கக்கூடாதுன்னு சொல்றாங்க, பொருளா குடுங்க. யூபிஎஸ்ல வருஷக்கணக்கா ஒரே ஆள் ஒரே ரூட்ல வர்றது சகஜம், அவரை உங்களுக்குப் பேர் சொல்லியே தெரிஞ்சிருக்கும், ஒரு கார்டும் சின்னப் பரிசும் நியாயம். அவர் "வேணாங்க, வாங்கக்கூடாது"ன்னு சொன்னா ஒரு தடவைக்கு மேல வற்புறுத்தாதீங்க. நம்மூர்ல "பரவால்ல வெச்சிக்கோங்க"ன்னு கையில திணிக்கறது மரியாதை, இங்க கதவுல கேமரா ஓடிட்டிருக்கும், அவரைத் தர்மசங்கடத்துல விடறோம்.

அமேசான் நீல வண்டியில வர்றவங்க பெரும்பாலும் அமேசான் ஊழியரே இல்ல, அமேசானுக்காக ஓட்டற சின்னச் சின்ன கான்ட்ராக்ட் கம்பெனி ஆளுங்க. தினமும் ஆள் மாறும். சொந்தக் கார்ல வர்றவங்க ஃப்ளெக்ஸ் டிரைவர்ங்க, அவங்களுக்கு சில மணி நேரத்தை ஒரு பிளாக்கா (ஷிப்ட் மாதிரி) எடுத்து ஓட்டற வேலை. 2021ல ஃப்ளெக்ஸ் டிரைவர்களுக்கு கஸ்டமர் குடுத்த டிப்பை முழுசா குடுக்கலைன்னு ஃபெடரல் வர்த்தக ஆணையம் போட்ட வழக்குல அமேசான் 6.17 கோடி டாலர் திருப்பிக் குடுக்க ஒத்துக்கிச்சு. அதனால டிப் குடுக்கற எண்ணம் இருந்தா, நேர்ல பாக்க முடிஞ்சா, கையிலயே குடுங்கன்னுதான் சொல்வேன்.

வாசல்ல ஸ்நாக் கூடை வைக்கறது நல்ல ஐடியாவா?

ரொம்ப. ஆள் மாறிட்டே இருக்கற டெலிவரிக்கு இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல. காஸ்ட்கோவுல சின்ன தண்ணி பாட்டில், சிப்ஸ், கிரானோலா பார், ஆரஞ்சு ஜூஸ் பாக்ஸ்னு வாங்கி "டெலிவரி பண்றவங்களுக்கு, எது வேணுமோ எடுத்துக்கோங்க, நன்றி"ன்னு எழுதி வைங்க. ஒரு கையில பிடிச்சுக்கிட்டே சாப்பிடற மாதிரி இருக்கணும், ஸ்பூன் தேவைப்படற எதுவும் வேணாம். தண்ணி ராத்திரி உறைஞ்சிடும், காலையில வெளிய வெச்சு சாயங்காலம் உள்ள எடுங்க. வெயில் காலத்துலயும் ஐஸ் பெட்டியோட இதைத் தொடரலாம், சொல்லப்போனா ஜூலையிலதான் இன்னும் தேவை.

நேனி, டேகேர் டீச்சர், வீடு கிளீன் பண்றவங்களுக்கு எவ்வளவு?

நேனிக்கு ஒரு வாரச் சம்பளம்னு வழக்கம், பல வருஷம் இருக்கறவங்கன்னா இன்னும் கூட. அதோட குழந்தை கையால கிறுக்கின ஒரு படம். நீங்க முறையா டேக்ஸ் கட்டி வெச்சிருந்தா போனஸும் சம்பளக் கணக்குலதான் வரும், அதையும் சேத்துக் காட்டணும், கிஃப்ட் கார்டா குடுத்தாலும் அதேதான். வீடு கிளீன் பண்றவங்களுக்கு ஒரு தடவை கிளீனிங்குக்கு என்ன குடுக்கறீங்களோ அதே தொகை. கம்பெனி மூலமா வர்றாங்கன்னா ஆபீசுக்கு அனுப்பாம வர்றவங்க கையில குடுங்க. டேகேர்ல 20லேர்ந்து 50 டாலர் ஒரு டீச்சருக்கு, காலையில இருக்கறவங்க, சாயங்காலம் இருக்கறவங்க, உதவியாளர்னு மூணு நாலு பேர் இருப்பாங்க, ஒருத்தருக்கு மட்டும் குடுத்துட்டு மத்தவங்களை விட்டுடாதீங்க. இந்த நாட்ல குழந்தை பாத்துக்கற வேலைக்குச் சம்பளம் ரொம்பக் கம்மி, நாம மாசம் கட்டற ஃபீஸைப் பாத்து அவங்களுக்கு நல்லா வருதுன்னு நினைச்சிடாதீங்க.

ஸ்கூல் டீச்சர், பஸ் டிரைவர்?

பப்ளிக் ஸ்கூல் டீச்சருக்கு ரொக்கம் வேணாம். மாநிலத்துக்கு மாநிலம், டிஸ்ட்ரிக்ட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் விதி மாறும், உதாரணமா மாசசூசெட்ஸ்ல ஒரு டீச்சருக்கு 50 டாலர் மதிப்பைத் தொடற பரிசே கூடாது, யார் எவ்வளவு போட்டாங்கன்னு சொல்லாம வகுப்பு மொத்தமா சேந்து குடுத்தா 150 டாலர் வரைக்கும் போகலாம். ரூம் பேரன்ட் (வகுப்புக்குன்னு உதவிக்கு இருக்கற பெற்றோர்) பணம் வசூல் பண்ணினா அதுல சேந்துக்கோங்க. பஸ் டிரைவருக்கு காபி கார்டு, கார்டுல குழந்தை கையெழுத்து.

அப்பா அம்மாவைப் பாத்துக்க வர்ற ஹோம் ஹெல்த் எய்டுக்கு?

ஏஜென்சி மூலமா வர்றவங்கன்னா பல ஏஜென்சியில பணம் வாங்கினா வேலை போயிடும். முதல்ல ஏஜென்சியைக் கேளுங்க, அந்தம்மாவைக் கேக்காதீங்க, கேட்டா அவங்க நிலைமை கஷ்டம். அனுமதி இல்லைன்னா அவங்க சூப்பர்வைசருக்கு நல்லபடியா ஒரு லெட்டர் எழுதுங்க, என்ன பண்ணினாங்கன்னு விவரமா, "அம்மா சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிச்சப்ப பக்கத்துல உக்காந்து ரசம் சாதம் ஊட்டினாங்க"ன்னு உள்ளதை உள்ளபடி. நீங்க நேரடியா வேலைக்கு வெச்சிருந்தா நேனி கணக்குதான், ஒரு வாரச் சம்பளம்.

அபார்ட்மென்ட்ல இருக்கோம், யாருக்குக் குடுக்கறது?

மன்ஹாட்டன், ஜெர்சி சிட்டி பக்கம் டோர்மேன் இருக்கற பில்டிங்னா அங்க இது ஏறக்குறைய எதிர்பாக்கறதுதான். சூப்பர் (பில்டிங் பராமரிப்பைப் பாத்துக்கறவர்), டோர்மேன், போர்ட்டர்னு லிஸ்ட்டே ஒட்டியிருப்பாங்க, தொகை பில்டிங்குக்கு பில்டிங் மாறும், அஞ்சு வருஷமா இருக்கற பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்க. சாதாரண கார்டன் அபார்ட்மென்ட்ல ராத்திரி ஹீட்டர் நின்னப்ப ஓடி வந்த மெயின்டனன்ஸ் ஆளை மறந்துடாதீங்க, லீசிங் ஆபீஸ்ல வாங்கலாமான்னு கேட்டுட்டு 20, 30 டாலர் குடுங்க.

கார்டுல என்ன எழுதறது? இங்கிலீஷ்ல பெருசா எழுத வராது.

பெருசா வேணாம். உங்க வீட்டு நம்பர், குடும்பப் பேர், அவர் பண்ணின ஏதாவது ஒண்ணு. "மழை பெஞ்சா பாக்கெட்டை பிளாஸ்டிக் பையில சுத்தி வெச்சிட்டுப் போறீங்க, பாத்தோம், நன்றி." அவ்ளோதான். வீட்டு நம்பர் கண்டிப்பா எழுதுங்க, நூத்துக்கணக்குல வீடு அவங்களுக்கு, நம்ம பேரை வெச்சு கண்டுபிடிக்க முடியாது.

மேலதிகாரிக்கு எழுதினா பிரயோஜனம் உண்டா?

உண்டு, காசு வாங்கக்கூடாத வேலையில இருக்கறவங்களுக்கு இதுதான் பெரிய பரிசு. போஸ்ட்மேனுக்கு உங்க ஊர் போஸ்ட்மாஸ்டர் பேருக்கு லெட்டர், இல்ல யுஎஸ்பிஎஸ் வெப்சைட்ல பாராட்டு பதிவு பண்ணலாம். நியூயார்க்ல 311ல (நகர அரசோட உதவி நம்பர்) சானிடேஷன் ஊழியரைப் பாராட்ட முடியும். தேதி, தெரு, முடிஞ்சா வண்டி நம்பர் குடுங்க, அப்பதான் சரியான ஆளுக்குப் போகும். கம்ப்ளெயின்ட் எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, அவங்க ஃபைல்ல நல்லதா ஒரு பேப்பர் இருக்கறது பின்னாடி உதவும்.

கிறிஸ்துமஸ் முடிஞ்சு போச்சே, இனிமே குடுத்தா நல்லா இருக்குமா?

ஜனவரி பாதி வரைக்கும் தாராளமா குடுக்கலாம், "ஹேப்பி நியூ இயர்"னு எழுதினா ஆச்சு. டிசம்பர் கடைசி வாரம் நிறைய ரெகுலர் ஆளுங்க லீவுல இருப்பாங்க, கிறிஸ்துமஸ், நியூ இயர் வார நாள்ல வந்தா பல ஊர்ல குப்பை வண்டியும் ஒரு நாள் தள்ளி வரும், அதனால ஜனவரி முதல் வாரம் குடுத்தா சரியான ஆள் கைக்குப் போற வாய்ப்பு அதிகம்னுகூட சொல்லலாம். போஸ்ட்மேனுக்கு இருக்கற 50 டாலர் கணக்கும் ஜனவரி 1லேர்ந்து புதுசா ஆரம்பிக்குது, 20 டாலர் கணக்கு மட்டும் ஒவ்வொரு தடவைக்கும் அப்படியேதான்.